திரான்சி நினைவகம்: மூன்றாம் மாடிக் கண்ணாடி வழியே

பதினொரு வருடமாக வேலைக்குப் போகிற வழியில் பாரிஸை அடுத்த திரான்சியைக் கடக்கிறேன். அங்கே நிற்கும் பழைய சரக்கு ரயில் பெட்டியை பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. போன ஞாயிற்றுக்கிழமைதான் மகளுடன் இறங்கினேன்.

2012இல் திறந்த ஷோவா (நாஜிகளின் யூத இனப்படுகொலை) நினைவகம் தெருவின் ஒரு பக்கம். மறுபக்கம் 'ப' வடிவில் லா முயெத் குடியிருப்பு. ஜெர்மனி பிரான்ஸை ஆக்கிரமித்திருந்தபோது, 1941 ஆகஸ்டிலிருந்து 1944 ஆகஸ்ட் வரை, யூதர்களை அடைத்துவைத்த முகாம் அதுதான். பிரான்ஸிலிருந்து நாஜி முகாம்களுக்கு நாடுகடத்தப்பட்ட சுமார் 76,000 யூதர்களில் 63,000 பேர் வரை இங்கிருந்தே போனார்கள். அந்தக் கட்டடத்தில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. மூன்றாம் மாடியில் கண்காட்சியை வாசித்துவிட்டு நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அப்பால் யாரோ ஜன்னலைத் திறக்கிறார்கள்.

ஜெர்மன் இராணுவத்தைப் பற்றித்தான் வாசிக்கப் போகிறேன் என்று எண்ணியிருந்தேன். ஆனால் முகாமைக் காவல் காத்தவர்கள் ஜொந்தார்ம்கள், அதாவது பிரெஞ்சு இராணுவக் காவல் படையினர். 1943 நடுவில் ஜெர்மானியர் நிர்வாகத்தைக் கையில் எடுத்த பிறகும் வெளிக்காவல் அவர்களிடமே இருந்தது. 1942 ஜூலை 16, 17இல் பாரிஸில் கதவுகளைத் தட்டியதும் பாரிஸ் பொலிஸார்தான். 1940இல் யூதர்களை வரிசையில் வரவழைத்துப் பதிந்த அட்டைகளை வைத்து வீடு வீடாகப் போனார்கள். பிடிபட்டவர்கள் சுமார் 13,000 பேர். அதில் 4,000க்கு மேல் குழந்தைகள். ஏற்றிப் போனவை நகர பஸ்கள். பட்டியலோடு வந்து கதவைத் தட்டுவது எப்படியிருக்கும் என்று யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதை விவரிக்கும் பலகையின் முன்னால் என் கால்கள் நகரவில்லை.

இந்தப் பழியை அரசின் பெயரால் ஒரு ஜனாதிபதி, ஜாக் சிராக், ஏற்றுக்கொள்ள 1995 வரை ஆனது. அத்தனை தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மகள் அதிக நேரம் நின்றது சுவர்த் துண்டுகளிடம். 2009இல் குடியிருப்பைப் புதுப்பித்தபோது வெளிப்பட்ட சாந்துக்கட்டிகளில் கைதிகளின் எழுத்து: பெயர், வந்த நாள், புறப்பட்ட நாள். தன் வயதுப் பிள்ளைகளும் எழுதியிருப்பார்களா என்று கேட்டாள்.

நுழைவு இலவசம். வெள்ளி, சனி மூடியிருக்கும். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பத்து வயதுக்குக் குறைந்தவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். ரயில் பெட்டியை முதலில் பார்க்காதீர்கள். உள்ளே எல்லாம் வாசித்துவிட்டு, கடைசியாக அதன் அருகே போய் நில்லுங்கள்.