அஷூர் ஸ்டோரேஜ்: கணக்குச் சாவியா, எஸ்ஏஎஸ் டோக்கனா, என்ட்ரா ரோலா?

மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான அஷூரில் கோப்புகளை வைக்கும் இடம் பிளாப் ஸ்டோரேஜ். அங்கே இருக்கும் கோப்பை ஒரு செயலி எடுக்க, கணக்குச் சாவி, எஸ்ஏஎஸ் டோக்கன் (இணைப்போடு சேரும், கையெழுத்திட்ட அனுமதிச் சரம்), என்ட்ரா ஐடி (மைக்ரோசாஃப்ட்டின் அடையாளச் சேவை) ரோல் என மூன்று வழிகள் உண்டு. கோப்பு மூன்றிலும் கிடைத்துவிடும். அனுமதி வெளியே கசிந்த பிறகு அதை எப்படி ரத்து செய்வீர்கள் என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

ஒவ்வொரு ஸ்டோரேஜ் கணக்குக்கும் 512 பிட் சாவிகள் இரண்டு. எது கையில் இருந்தாலும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். ஒரு கன்டெய்னருக்கு (கோப்புகளை வைக்கும் ஃபோல்டர் போன்றது) மட்டும் என்று சுருக்க முடியாது. யார் செய்தார் என்பதும் லாகில் பதிவாகாது. புதுச் செயலிக்கு இதைக் கொடுக்கவே வேண்டாம்.

எஸ்ஏஎஸ் டோக்கனில் என்ன அனுமதி, எதுவரை, எந்த ஐபி என்றெல்லாம் வரையறுக்கலாம். ஆனால் கணக்குச் சாவியால் கையெழுத்திட்ட டோக்கனைத் தனியாக ரத்து செய்ய வழியில்லை. சாவியையே மாற்ற வேண்டும். அப்போது அதே சாவியில் உருவான எல்லா டோக்கனும் சேர்ந்து விழும். கன்டெய்னரில் ஸ்டோர்டு ஆக்சஸ் பாலிசி (சேமித்து வைத்த அனுமதி விதி) வைத்து, அதோடு டோக்கனை இணைத்திருந்தால், பாலிசியை நீக்கினால் போதும். ஒரு கன்டெய்னருக்கு 5 பாலிசிதான். முழுக் கணக்குக்குமான அக்கவுன்ட் எஸ்ஏஎஸ்ஸுக்கு இந்த வசதியே கிடையாது. 2023 செப்டம்பரில் விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்திய சம்பவம் அதைத்தான் காட்டியது: மைக்ரோசாஃப்ட் ஆய்வுக் குழு கிட்ஹப்பில் போட்ட ஓர் இணைப்பில், 2051 வரை செல்லும், முழு அனுமதியுள்ள அக்கவுன்ட் எஸ்ஏஎஸ் டோக்கன். 38 டெராபைட் தரவு திறந்து கிடந்தது.

வெளியாருக்கு இணைப்பு தந்தே ஆக வேண்டுமென்றால் யூசர் டெலிகேஷன் எஸ்ஏஎஸ் எடுங்கள். அதன் சாவி என்ட்ராவிலிருந்து வருகிறது, அதிகபட்சம் 7 நாள். உருவாக்கியவரின் ரோலைத் தாண்டி டோக்கன் எதையும் செய்யாது. தொடக்க நேரத்தை இப்போதைக்கு 15 நிமிடம் முந்தைய நேரமாகப் போடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கடிகார வித்தியாசத்தால் வரும் 403 (அனுமதி மறுப்பு) பிழை தவிரும்.

செயலிக்கும் செயலிக்கும் இடையே என்றால் மேனேஜ்டு ஐடென்டிட்டியும் (செயலிக்கு அஷூரே தரும் அடையாளம்) ரோலும்தான். கோட்-ல் ரகசியமே இருக்காது. இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஓனர் அல்லது கான்ட்ரிபியூட்டர் ரோல் இருந்தும் என்ட்ரா வழியில் பிளாபை (கோப்பை) படித்தால் 403 வரும். அவை கணக்கை நிர்வகிக்கும் ரோல்கள். தரவுக்கு ஸ்டோரேஜ் பிளாப் டேட்டா ரீடர் அல்லது டேட்டா கான்ட்ரிபியூட்டர் தனியாகத் தர வேண்டும். கன்டெய்னர் அளவிலேயே தாருங்கள். தந்த பிறகும் அமலாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் கோட்-ஐ மாற்றிப் பார்க்காதீர்கள். கவனிக்க: கான்ட்ரிபியூட்டர் ரோல் உள்ளவர் கணக்குச் சாவியை எடுத்துப் பார்க்க முடியும், அதனால் தரவு ரோல் இல்லாமலே உள்ளே போய்விடலாம்.

அந்த ஓட்டையை அடைக்க, கணக்கின் கான்ஃபிகரேஷனில் சாவி வழி அனுமதியை அணையுங்கள். சாவியில் கையெழுத்தான எஸ்ஏஎஸ்களும் அதோடு நின்றுவிடும், யூசர் டெலிகேஷன் மட்டும் வேலை செய்யும். அணைக்கும் முன் மெட்ரிக்ஸில் டிரான்சாக்ஷன்களை அங்கீகார வகைப்படி பிரித்துப் பாருங்கள். அக்கவுன்ட் கீ, எஸ்ஏஎஸ் இரண்டில் எதிலாவது கோரிக்கை வந்துகொண்டிருந்தால், எந்தச் செயலி என்று கண்டுபிடித்து மாற்றிவிட்டு அணையுங்கள்.