பாஸ் இருக்கிறது, சீட் இல்லை

கோவையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "மே மாசம் குடும்பத்தோட ஐரோப்பா வர்றோம், ரயில் பாஸுக்கு இப்ப தள்ளுபடி ஓடுதாம், வாங்கிடட்டுமா?" வாட்ஸ்அப்பில் இரண்டு வரி பதில் போடலாம் என்று ஆரம்பித்தேன், அது பாதியில் புலம்பலாக மாறிவிட்டது, அதனால் இங்கேயே முழுசாகக் கொட்டிவிடுகிறேன்.

நான் இருப்பது சுவிஸில், பாசல் நகரத்தில். 2021இலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது இன்டர்ரெயில் பாஸ் எடுக்கிறவன், ஒரே பாஸில் பல நாட்டு ரயிலில் ஏறலாம், அது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. நண்பர் வாங்க வேண்டியது யூரெயில், அது ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு. 33 நாடுகள், மொபைலில் பாஸ், சுவிஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா உள்ளே பெரும்பாலான ரயில்களில் கேள்வியே இல்லாமல் ஏறி உட்காரலாம், இதெல்லாம் அவருக்கே தெரியும். தெரியாதது எல்லை தாண்டும் அதிவேக ரயில். அங்கே பாஸை மட்டும் நம்பி நின்றால், சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ரிசர்வேஷன் பெட்டியில் ஏறின கதைதான். சீட்டுக்குத் தனியாகக் காசு, தனியாக வேட்டை.

போன ஜூலையில் பாரிஸ் போக வேண்டியிருந்தது. நேர் ரயிலில் மூன்று மணி நேரம். மூன்று வாரம் முன்னாடியே முன்பதிவுக்கு உட்கார்ந்தேன். சனிக்கிழமை காலை இல்லை, மதியம் இல்லை, சாயங்காலமும் இல்லை. சரி, சீசன் நேரம், நிரம்பியிருக்கும் என்று நினைத்து, சும்மா ஒரு சந்தேகத்துக்குப் பாஸ் இல்லாதவன் போல அதே ரயிலுக்கு டிக்கெட் தேடினால், சீட் வரிசையாகக் கிடக்கிறது! பாஸ்காரர்களுக்கு ரயிலுக்கு இத்தனை என்று ஒரு ஒதுக்கீடு, அது தீர்ந்தால் ரயிலே காலியாக ஓடினாலும் நமக்குக் கிடையாது. லேடீஸ் கோட்டா, தட்கல் எல்லாம் பார்த்து வளர்ந்த எனக்குக் கோட்டா புதிதில்லை. ஆனால் நம்ம ஊரில் வெயிட்டிங் லிஸ்ட் என்று ஒரு நப்பாசையாவது இருக்கும், ஆர்.ஏ.சி.யில் பாதி பெர்த்தாவது கிடைக்கும். இங்கே 'இல்லை' என்றால் இல்லைதான். முழு விலைக்குப் போகிற சீட்டைக் குறைந்த கட்டணத்துக்கு எவன் நிறையத் தருவான் என்று யோசித்தால் ரயில் கம்பெனியின் கணக்கும் புரிகிறது. புரிந்து என்ன, அன்றைக்கு ராத்திரி லேப்டாப்பை மூடியபோது வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

கடைசியில் சுற்றுவழியில் போனோம். பாசலிலிருந்து மூலூஸுக்கு உள்ளூர் ரயில், அங்கிருந்து பெல்ஃபோர், வெசூல், ஷோமோன், த்ருவா வழியாகப் பாரிஸ் எஸ்ட் வரை டி.இ.ஆர். (TER) எனப்படும் பிராந்திய ரயில். முன்பதிவே கிடையாது, பாஸைக் காட்டினால் போதும். பாதி நாள் போய்விடும், வீட்டில் முதலில் முறைத்தார்கள். ஆனால் ஷோமோனில் அந்தக் கல் பாலம் வந்ததே, 1850களில் கட்டியது, 600 மீட்டர் நீளம், கீழே ஐம்பது மீட்டர் பள்ளம், ரயில் அதன் மேல் போகிறபோது பையன் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றான். புளியோதரை டப்பா நாலு பேர் உட்காரும் இடத்தில் பரப்பிக் கிடந்தது. மூன்று மணி நேர ரயிலில் போயிருந்தால் அந்த ஊர் பெயரே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் பிள்ளைக் கணக்கு. பன்னிரண்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பெரியவர் பாஸோடு சேர்த்து இலவச பாஸ். இதைக் கேட்டதும் எல்லோரும் குஷியாகிவிடுகிறார்கள். ஆனால் சீட் ரிசர்வேஷனுக்கு அந்தப் பிள்ளைக்கும் காசு உண்டு. லண்டன் போகும் யூரோஸ்டாரில் பாஸ் இருந்தும் ஒருவருக்கு 30 யூரோவாவது ஆகும், அதுவும் ஒதுக்கீட்டில் இடம் இருந்தால். நாலு பேர் குடும்பம் என்றால் போகவும் வரவும் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரி ரயில் ஒன்றில்தான் எனக்கு முழுத் திருப்தி. படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் பாஸில் இருக்கும் பயண நாட்களில் ஏறுகிற தேதி மட்டும்தான் கழியும். விடிந்தால் வேறு நாடு, ஓட்டல் வாடகையும் மிச்சம்.

ஆக, குடும்பத்தோடு, தேதி முடிவு செய்து, பாரிஸ், மிலன், லண்டன் என்று பெரிய ஊராகப் பார்க்கப் போகிறவர் பாஸ் வாங்க வேண்டாம், முன்கூட்டியே தனித்தனி டிக்கெட் போட்டால் பெரும்பாலும் அதுவே லாபம். இதைச் சொல்கிற நான், போன வாரம் அதே தள்ளுபடியில் ஆகஸ்டுக்கு மூன்று பாஸ் வாங்கிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நண்பரே, இவ்வளவு படித்த பிறகும் வாங்குவதாக இருந்தால், பணம் கட்டும் முன் எல்லை தாண்டும் தேதிகளை எனக்கு அனுப்புங்கள், பாஸ் ஒதுக்கீட்டில் நாலு சீட் சேர்ந்தாற்போல் இருக்கிறதா என்று இன்று ராத்திரியே பார்த்துச் சொல்கிறேன்.