சோழமண்டலம்: சிற்பங்களின் பின்பக்கமும் போய்ப் பாருங்கள்

ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகப் போங்கள், ஆனால் அரை நாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள் என்பேன். மாமல்லபுரம் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிற இடம் இல்லை அது. அப்படிக் கிளம்பியவர்களை நான் போன அன்றே பார்த்தேன். பாவம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே போய்விட்டார்கள்.

நான் கூடுவாஞ்சேரியில் கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். மகள் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படிக்கிறாள். "அப்பா, நீங்க பார்க்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு, வாங்க" என்று அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். ஓவியத்தைப் பற்றி அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உலோகத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இதில் உலோகம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

முதலில் இந்த ஊர் எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால் பார்வையே வேறு மாதிரி ஆகிவிடும். இன்று என் மகள் படிக்கிற அந்தக் கல்லூரி 1850-ல் கைத்தொழில் பள்ளியாகத் தொடங்கியது. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். அவரிடம் படித்து, அவருக்குப் பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்தவர். பணிக்கருக்கு ஒரு கவலை இருந்தது. கல்லூரியில் நன்றாக வரைகிற பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காக ஏதோ ஒரு வேலைக்குப் போய், இரண்டு வருஷத்தில் தூரிகையையே மறந்துவிடுகிறார்கள். படம் வாங்க அன்றைய மெட்ராஸில் ஆள் இல்லை. அரசாங்கத்தை நம்பியும் பிழைக்க முடியாது.

பணிக்கரும் அவர் மாணவர்களும் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கைவினைப் பொருள் செய்து விற்பது. துணியில் மெழுகு ஊற்றிச் சாயம் முக்கும் பத்திக், தோல் வேலை, உலோக வேலை. அதில் வந்த காசை எல்லோரும் ஒன்றாகப் போட்டு 1966-ல் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். அன்று அந்த இடத்தில் மணலைத் தவிர பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பகுதி நேரம் சோற்றுக்கான வேலை, மீதி நேரம் தன் சொந்த வேலை என்று வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். யாரும் தானமாகக் கொடுத்த இடம் இல்லை. கையால் உழைத்துச் சம்பாதித்த இடம். இந்தியாவில் கலைஞர்கள் தாங்களே கட்டி, தாங்களே நடத்தி, இத்தனை காலம் நிலைத்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த கலைஞர்களின் நவீன கலை முயற்சியை மெட்ராஸ் இயக்கம் என்கிறார்கள். உள்ளே அதற்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2009-ல் திறந்தது. பணிக்கரின் 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களை மகள் முன்பே போனில் காட்டியிருந்தாள். போனில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றே இல்லை. எழுத்து மாதிரி, கணக்கு மாதிரி, ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள் நெருக்கமாக நிறைந்திருக்கும். கிட்டே போனால் எதையும் படிக்க முடியாது. தள்ளி நின்றால் ஏதோ பழைய ஏட்டைப் பிரித்து வைத்த மாதிரி இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு மனிதர் இப்படி ஒரு புதுப் பாதையை எடுத்திருக்கிறார் என்று மகள் சொன்னபோது, அந்தத் துணிச்சலுக்காகவே கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அடுத்து கே. ராமானுஜம். 1941-ல் பிறந்து 1973-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். மனநோயோடும் பேச்சுத் தடங்கலோடும் போராடிய பிள்ளை. பணிக்கர்தான் கையைப் பிடித்து வளர்த்துவிட்டார். மையால் போட்ட அந்தக் கோடுகளைப் பாருங்கள்: கோபுரங்கள், பறக்கும் விலங்குகள், நடுவில் தொப்பி போட்ட ஒரு சின்ன ஆள். அந்த ஆள் அவரேதான். கன்னிமாரா ஓட்டலுக்குப் பெரிய சுவரோவியம் செய்து கொடுத்ததும் இவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாகப் போட்ட கோடு இல்லை அது. அந்தக் கற்பனை ஊருக்குள்ளேயே குடியிருந்தவன் வரைந்த கோடு. இவர் முன்னால் அவசரப்படாதீர்கள். இன்னொரு ஓவியரான சுல்தான் அலியின் காளைகளும் நல்ல படங்கள்தான், ஆனால் எனக்கு ராமானுஜத்தை விட்டு நகர மனமில்லை.

இப்போது உலோகத்துக்கு வருகிறேன்.

தகட்டைத் தட்டி, வெட்டி, ஒட்டிச் சிற்பம் செய்வது மெட்ராஸ்காரர்களின் தனி வழி. பி.வி. ஜானகிராம் அதில் முன்னோடி. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் அதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனார். நம் கோயில் கவசங்களைப் பார்த்திருப்பீர்கள், முன்பக்கம் மட்டும் உருவம் புடைத்து நிற்கும், பின்னால் வெறும் குழிவு. அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, தகட்டின் மேல் கம்பியும் துண்டும் பொட்டுமாகச் சேர்த்து உருவத்தைக் கொண்டுவருகிறார்கள். சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்று மேல்நாட்டுச் சிற்பம் கேட்கும். இது, சாமி முன்னால் நிற்கிற மாதிரி, முன்னால் வந்து நில் என்று கேட்கும்.

ஆனால் நான் சொல்வது, முன்னால் நின்று பார்த்த பிறகு பின்னாலும் போங்கள். வேலை அங்கேதான் தெரியும். செம்பையும் பித்தளையையும் சேர்ப்பது சும்மா இல்லை. செம்பு சூட்டை இழுத்து உடம்பு முழுக்கப் பரப்பிவிடும். ஒரு மூலையில் தீ காட்டினால் மறுமூலை வரை கொதிக்கும், ஆனால் நமக்கு வேண்டிய இடம் மட்டும் சூடேறாது. பித்தளையோ நேர்மாறு. கொஞ்சம் கூடுதலாகத் தீ பட்டால் அதிலிருக்கும் துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போய்விடும், இணைப்பில் ஓட்டை விழும். இரண்டுக்கும் நடுவே வெங்காரத்தைத் தூவி, பற்றவைக்கிற ராடு உருகி ஓடுகிற அந்தச் சில நொடிக்குள் கை நகர வேண்டும். மெல்லிய தகடாக இருந்தால் வளைந்துகொள்ளும். நந்தகோபாலின் வேலையில் ஒரு பறவையின் இறகு மாதிரி அடுக்கடுக்காக வைத்த துண்டுகளைக் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு துண்டின் நுனியிலும் உருகிய பித்தளை குட்டி மணியாகத் திரண்டு நிற்கிறது. எங்கள் பட்டறையில் அப்படி ஒன்று நின்றால் கிரைண்டரை வைத்து இழைத்துவிடுவோம், வாடிக்கையாளர் தடவிப் பார்ப்பார் என்று. அவர் அதை இழைக்கவில்லை. வேண்டுமென்றே விட்டு, வரிசையாக்கி, அதையே நகையாக்கிவிட்டார். அந்த மணிகள் எல்லாம் ஒரே அளவு. ஒரே அளவில் வரவைக்க எத்தனை கைப்பழக்கம் வேண்டும் என்பது தொழில் தெரிந்தவனுக்குப் புரியும். மகளிடம் அதைக் காட்டினேன். அவளுக்கு அது புதுச் செய்தி. அன்று நானும் அவளுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தேன் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

நந்தகோபால் கலைக்கு வரும் முன் இயற்பியல் படித்தவராம். பாரம் எங்கே இறங்குகிறது என்று அவர் சிற்பங்களைப் பார்த்தாலே தெரிகிறது. மேல்பக்கம் எவ்வளவு விரிந்தாலும் தள்ளாடுகிற தோற்றம் இல்லை. 2017-ல் காலமாகிவிட்டார். இருக்கும்போதே வந்து ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும்.

வெளியே மரங்களுக்கு நடுவே சிற்பத் தோட்டம். கருங்கல்லும் உலோகமும் கலந்து நிற்கின்றன. கடல் பக்கத்திலேயே இருப்பதால் உப்புக் காற்று உலோகத்தை என்ன செய்கிறது என்பதையும் பார்க்கலாம். செம்பில் பச்சைக் களிம்பு ஏறினால் அதற்கு ஓர் அழகு உண்டு. வீட்டுப் பாத்திரமாக இருந்தால் புளி போட்டுத் தேய்ப்போம். இங்கே தேய்த்தால் பாதி சிற்பம் போய்விடும். வெயில் ஏறுமுன் தோட்டத்தை முடித்துவிட்டு, பிறகு உள்ளே போவது நல்லது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் சிற்பத்தின் மேல் ஏற விடாதீர்கள். தட்டிச் செய்த தகடு ஒரு குழந்தையின் எடையையும் தாங்காது, நெளிந்தால் நெளிந்ததுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது கலைஞர்கள் குடியிருக்கும் ஊர். அங்கே இருக்கும் வீடுகள் அவர்களுடைய வீடுகள். ஜன்னலில் எட்டிப் பார்ப்பது, கதவைத் தட்டி "உள்ளே வரைகிறதைப் பார்க்கலாமா" என்று கேட்பது எல்லாம் கூடாது. பார்வையாளர்களுக்கென்றுதான் அருங்காட்சியகமும் கேலரிகளும் இருக்கின்றனவே.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மரியாதை இரண்டு பக்கமும் வேண்டும். சில மாதம் முன்பு நகரத்துக்குள் ஒரு கேலரிக்கு மகளோடு போயிருந்தேன். பட்டறையிலிருந்து நேராக வந்ததால் சட்டையில் கிரீஸ் கறை இருந்தது. வாசலில் இருந்தவர் என்னைப் பார்த்து, "டெலிவரியா? பின்பக்கம் வாங்க" என்றார். மகள் முகம் சுண்டிப்போனது. சோழமண்டலத்தில் சீட்டு வாங்கினேன், உள்ளே போனேன், இஷ்டம்போல நின்றேன், குனிந்தேன், பின்பக்கம் போய் இணைப்பைப் பார்த்தேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

அருங்காட்சியகத்தில் இருப்பது பெரும்பாலும் அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரையிலான தலைமுறை. இன்றைய பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க விரும்பினால் அதே வளாகத்தில் இருக்கும் இண்டிகோ, லாபர்னம் என்ற இரண்டு கேலரிகளில் என்ன காட்சி நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். அவற்றில் காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். காட்சி இல்லாத இடைவெளியில் போனால் ஊரின் பாதி உயிரைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

மெட்ராஸ் இயக்கத்தில் பெண்கள் பெயர் ஏன் இவ்வளவு குறைவு என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. சோழமண்டலத்தில் வாழ்ந்து வேலை செய்த ஓவியர் அர்னவாஸ் போன்ற ஓரிருவர் பெயரைத்தான் அடிக்கடி கேட்கிறோம். அவரும் 1988-லேயே போய்விட்டார். பத்திக் துணியும் தோல் பொருளும் விற்ற காசில் எழுந்த ஊர் இது. அந்த வேலைகளில் பெண்களின் கை எவ்வளவு இருந்தது என்று யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். மகளைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தலைமுறையில் வகுப்பில் பாதிப் பேர் பெண்கள் என்கிறாள், ஆகவே அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

விலைக்கு வாங்கலாமா என்றால், பெரிய ஓவியம் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது, உண்மை. ஆனால் புத்தகங்களையும் சின்னக் கைவினைப் பொருள்களையும் பாருங்கள். புதுமனை புகுவிழாவுக்கு பிளாஸ்டிக் சட்டம் போட்ட இயற்கைக் காட்சி வாங்கிக் கொடுக்கிறோமே, அதே காசைச் சேர்த்து வைத்து உயிரோடு இருக்கிற ஒரு கலைஞரிடம் சின்னதாக ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். கடன்காரன்போலப் பேரம் பேசாதீர்கள். எங்கள் தொழிலிலும், கிலோ கணக்கில் இரும்பின் விலையைப் போட்டுவிட்டு "கூலி ஏன் இவ்வளவு" என்று கேட்பவர்கள் உண்டு. கை செய்த வேலைக்கு எடை போட்டுப் பார்க்க முடியாது.

மகளும் அவள் கூடப் படிக்கிறவர்களும் படிப்பு முடிந்ததும் காசு சேர்த்து, அங்கே கேலரி வாடகைக்கு எடுத்துச் சில நாள் காட்சி வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிற்பங்களை நிறுத்த ஸ்டாண்டு வேண்டுமாம். ஒரு இன்ச் சதுரக் குழாயில் செய்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பளபளப்பில்லாத கருப்பு கொடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். உயரம் எவ்வளவு என்று அளவு எடுக்க அடுத்த மாதம் எல்லோரும் பட்டறைக்கு வருகிறார்கள். கூலி வேண்டாம், குழாயின் விலையை மட்டும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். சரி என்றிருக்கிறார்கள்.