ஒரே மாத்திரையில் இரண்டு மருந்துகள்: கோத்தகிரியில் கண்டவை

கோத்தகிரியில் வசிக்கும் என் சித்தி, நடுவயதில் தொடங்கிய மனச்சிதைவு நோய்க்காக நெடுங்காலமாக மாத்திரை உட்கொண்டு வருகிறார். வீட்டில் எல்லோரும் அதை 'நரம்பு மாத்திரை' என்றே சொல்வார்கள். இலண்டனில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன் என்பதால், இம்முறை ஊருக்குப் போனபோது அந்த அட்டையைத் திருப்பிப் படித்தேன். ட்ரைஃப்ளூபெராசின் 5 மில்லிகிராம், ட்ரைஹெக்சிபெனிடில் 2 மில்லிகிராம் என்று அதில் அச்சிட்டிருந்தது. இரண்டும் ஒரே மாத்திரையில் அடங்கிய இத்தகைய கூட்டு மருந்தை நான் வேலை செய்யும் இடத்தில் கையாண்டதில்லை. இரண்டையும் தனித்தனியாகவே எழுதித் தருவார்கள்.

முதல் மருந்து 1950களிலிருந்து புழக்கத்தில் இருப்பது. மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டைத் தடுத்து, காதில் குரல் கேட்பதையும் காரணமற்ற சந்தேகங்களையும் அடக்குகிறது. அதே தடுப்பு, உடலசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியிலும் நிகழ்வதால், கைநடுக்கம், உடல் விறைப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு ஆகியவை சிலருக்கு வருகின்றன. இரண்டாவது மருந்து நடுக்கத்தையும் விறைப்பையும் தணிக்கச் சேர்க்கப்பட்டது. மனநோயின் மீது அதற்கு எந்த வேலையும் இல்லை. அதை எல்லோருக்கும் முன்கூட்டியே வழக்கமாகக் கொடுக்கத் தேவையில்லை, விறைப்பு தோன்றியவர்களுக்குக் கொடுத்து, பின்னர் இன்னும் தேவையா என்று பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1990ஆம் ஆண்டு அறிக்கையின் சாரம். ஒரே மாத்திரையாக இருக்கும்போது அப்படிப் பார்ப்பதற்கு வழியே இல்லாமல் போகிறது. ஒன்றைக் குறைக்க நினைத்தால் மற்றதும் குறைந்துவிடும்.

இந்த மாத்திரையை முதலில் எழுதித் தந்த மருத்துவர் மலையை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்டது. அதன் பிறகு, காலியான அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் கடைத்தெருவில் உள்ள ஒரு மெடிக்கல் ஷாப்பில் அதே மாத்திரையைத் தந்துவிடுவார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. ஆனாலும் அந்தக் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் மறுத்திருந்தால், மழைக்காலத்தில் சாலை அடைபட்ட நாட்களில் சித்தியின் மருந்து நின்றுபோய், பழைய நிலைமை திரும்பியிருக்கும். குறை என்னவென்றால், மாத்திரை தவறாமல் வந்தது, அதை உட்கொள்பவரை ஒருவரும் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் கேட்பதற்கு நிறைய இருந்தது. சித்திக்கு வாய் எப்போதும் வறண்டிருக்கிறது. அதற்காகவே வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் கூடிப்போயிற்று. நாள்பட்ட மலச்சிக்கல். சிறுநீர் கழிக்க நேரம் பிடிக்கிறது. அண்மைக்காலமாக மறதி. இவை அனைத்தையும் என் தம்பி, அதாவது சித்தியின் மகன், வயதின் கணக்கில் எழுதிவிட்டான். அறுபதைக் கடந்தவருக்கு வயதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இந்த நான்கும் ட்ரைஹெக்சிபெனிடிலின் நன்கறிந்த பக்க விளைவுகள். முதியோர் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்களில் அது இடம்பெறுவதற்கு மறதியும் குழப்பமும் முக்கியக் காரணங்கள்.

மலைவாசிகள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்த மருந்து வியர்வையைக் குறைக்கும். கூடவே உள்ள மனநோய் மருந்தும் உடல் தன் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குலைக்கும். கோத்தகிரிக் குளிரில் இது தெரிவதில்லை. கோடையில் ஒரு கல்யாணத்துக்காக மேட்டுப்பாளையம் இறங்கினால்தான் தெரிகிறது. அப்படி இறங்கிய ஒரு சமயம் சித்திக்கு உடம்பு அனலாய்க் கொதித்து, தலைசுற்றி விழப் பார்த்தார் என்று தம்பி பேச்சுவாக்கில் சொன்னான். அதை யாரும் மாத்திரையோடு சேர்த்துப் பார்த்திருக்கவில்லை.

சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள உதகைக்குப் பேருந்தில் சென்று, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவில் காத்திருந்தோம். காத்திருப்பு நீண்டது, உள்ளே போன பிறகு அவசரம் காட்டப்படவில்லை. மருத்துவர் சித்தியிடமே பேசினார், எங்களிடம் அல்ல. "அம்மா, கையை நீட்டுங்கள், நாக்கைக் காட்டுங்கள், கொஞ்சம் நடந்து காட்டுங்கள்" என்றார். நாக்கும் உதடும் தாமாக அசைகின்றனவா என்று பார்த்ததன் காரணத்தைப் பின்னர் விளக்கினார்: இத்தகைய மருந்தை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களுக்கு அவ்வகை அசைவுகள் பிந்தி வரக்கூடும், அவற்றை ட்ரைஹெக்சிபெனிடில் தணிக்காது, அதிகமாக்கவும் கூடும். எவ்வளவு வெற்றிலை பாக்கு போடுகிறார் என்றும் கேட்டார். பாக்கில் உள்ள அரெகோலின் இந்த இரண்டாவது மருந்துக்கு நேரெதிராக வேலை செய்வதால், மிகுதியாகப் போடுபவர்களுக்கு விறைப்பு கூடலாம் என்பது மருந்தகத்தில் வேலை செய்யும் எனக்கே புதிய செய்தி. கண்ணழுத்த நோய் இருந்தால் இம்மருந்து ஆபத்து என்பதால் கண் பரிசோதனைக்கும், இதயத்துக்காக ஈ.சி.ஜி.க்கும் எழுதினார்.

முடிவாக, கூட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டையும் தனித்தனியாக எழுதித் தந்தார். மனநோய் மருந்து அதே அளவில் தொடர வேண்டும். மற்றது பல வாரங்களில் படிப்படியாகக் குறையும். சட்டென்று நிறுத்தினால் குமட்டல், தூக்கமின்மை, படபடப்பு வரலாம், விறைப்பும் திரும்பலாம். ஆகவே இதைப் படிக்கும் எவரும் தங்கள் வீட்டுப் பெரியவரின் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். கடும் காய்ச்சலோடு உடல் விறைத்துக் குழப்பம் ஏற்பட்டாலோ, சிறுநீர் அறவே நின்றாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ அடுத்த முறைக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்தோ கண்ணோ ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வதும் அவ்வாறே.

மருத்துவமனையில் மருந்து இலவசமாகக் கிடைத்தது. தனி ட்ரைஹெக்சிபெனிடிலைக் கோத்தகிரியில் கடையில் வாங்க முயன்றபோது, 'ரெண்டும் சேர்ந்ததுதான் இருக்கிறது, அதைத் தரட்டுமா?' என்று கேட்டார்கள். தம்பி இப்போது சீட்டின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கிறான். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பதும் அவனுக்குத் தெரியும். நான் கிளம்பும்போது முதல் குறைப்பு முடிந்திருந்தது. மலச்சிக்கல் தணிந்திருந்தது, மறதியில் மாற்றம் தென்படவில்லை. வலது கையில் இலேசான நடுக்கம் வந்திருப்பதாகத் தம்பி பின்னர் தொலைபேசியில் சொன்னான், அடுத்த குறைப்பைத் தள்ளிப்போடுவதா என்று மருத்துவரிடம் கேட்க மறுபடியும் உதகைக்குப் போகிறார்கள்.