முழு கல்லீரல் பேக்கேஜில் முக்கியமானது மட்டும் இல்லை

எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது ஆறு வருடமாகத் தெரியும். போன மாதம் டாக்டர், "மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கூட வேற வைரஸ் இருக்கான்னு பார்த்துடுங்க" என்றார். சரி என்று விளம்பரத்தில் பார்த்த ஒரு லேபில் 2,400 ரூபாய்க்கு 'முழு கல்லீரல் பேக்கேஜ்' புக் செய்தேன்.

ரத்தம் எடுக்க வந்த தம்பியை ஒரு குறையும் சொல்ல முடியாது. காலை ஆறரைக்கு டாணென்று வந்தார், எனக்கு நரம்பு லேசில் கிடைக்காது, ஒரே குத்தில் எடுத்தார். பி இருக்கிறது என்று சொன்னதற்கும் முகம் மாறவில்லை.

ரிப்போர்ட்தான் கடுப்பு. வைட்டமின் டி, தைராய்டு, யூரிக் ஆசிட் எல்லாம் இருக்கிறது, பி இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. டெஸ்ட்டை, எனக்கே தெரிந்ததை, மறுபடி பார்த்து சிவப்பு எழுத்தில் பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி., டெல்டா மூன்றையும் பார்க்கவே இல்லை. போன் செய்து டெல்டா எங்கே என்றால், "கொரோனாவா சார்? அது இப்ப எடுக்கிறதில்லையே" என்கிறார் அந்தப் பெண்!

டெல்டா என்பது ஹெபடைட்டிஸ் டி. 1977லேயே இத்தாலியில் ரிசெட்டோ என்ற டாக்டர் கண்டுபிடித்தது. பி வைரஸின் மேலுறையைக் கடன் வாங்கித்தான் பரவும், அதனால் பி இல்லாதவருக்கு வராது. நாள்பட்ட பி உள்ளவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, இரண்டும் சேர்ந்தால் ஈரல் சீக்கிரம் சுருங்கிவிடும். சி-யும் இருந்து அதற்கு மட்டும் மாத்திரை சாப்பிட்டால் அடங்கிக் கிடந்த பி கிளம்பிவிடலாம். எச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் பி-க்கென்று டெனோஃபோவிர் (எச்.ஐ.வி.க்கும் கொடுக்கும் மாத்திரைதான்) மட்டும் கொடுத்தால் எச்.ஐ.வி. அந்த மருந்துக்குப் பழகி, அது வேலை செய்யாமல் போகலாம். டாக்டர் மாத்திரைக்கு முன்னாடி என்று சொன்னது இதற்குத்தான்.

கடைசியில் எச்.ஐ.வி. டெஸ்ட்டை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாக எடுத்தேன், உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார்கள். சி-யும் அங்கேயே காசில்லாமல் முடிந்தது. டெல்டா ஆன்டிபாடிக்கு மட்டும் வேறொரு லேபில் பணம் கட்டினேன். மூன்றும் நெகட்டிவ்.

இந்த லேபுக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் அந்தத் தம்பிக்காக. பி உள்ளவர்கள் புக் செய்வதற்கு முன் டெஸ்ட் பட்டியலை வரிவரியாகப் பாருங்கள். புகார் கொடுத்ததற்கு 'கோல்டு பேக்கேஜ்' எடுக்கச் சொல்லி மெசேஜ் வந்தது. திறந்து பார்த்தேன், பி12 சேர்த்திருக்கிறார்கள்.