பென் ட்ரைவில் பெயர் மட்டும் இருந்தது

டெப்பையோ (டெப்லெட்) போனையோ ரீசெட் அடிக்க, அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாக்க, கடைக்குக் கொண்டுபோகிற யோசனையில் யாராவது இருந்தால், இதை வாசித்துவிட்டுப் போங்கள். போன டிசம்பர் லீவில் எனக்கு 11,300 ரூபா போனது. காசு போகட்டும், அப்பாவின் குரலும் சேர்ந்து போனது. கடையின் பெயரை எழுதவில்லை. எந்த டவுன் என்றும் கேட்காதீர்கள்.

டெப் 2020இல் வாங்கியது. கொரோனாவுக்காக மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடி, பாடமெல்லாம் வட்ஸ்அப்புக்கும் ஸூமுக்கும் மாறியபோது, மகளுக்காகக் கடன்பட்டு வாங்கினேன். இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. கோயிலுக்கு மேலே மலையேறி, சவுக்கு மரத்தடியில் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் படித்தது அந்த டெப்பில்தான். அப்புறம் அது வீட்டுப் பொதுச்சொத்தாகிவிட்டது. கல்யாண வீட்டுப் படம், தேர்த் திருவிழா வீடியோ, அடையாள அட்டைக் கொப்பி, எல்லாம் அதற்குள்.

அப்பாவின் பாட்டும் அதற்குள்தான். அவர் எங்கள் தோட்ட டிவிஷனில், மன்மதனும் ரதியும் வருகிற காமன் கூத்துக்கு வாத்தியார். மாசியில் காமன் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து எரிக்கிற இரவு வரைக்கும் அவரை வீட்டில் பிடிக்க முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரன்ட் வெட்டினார்களே, அந்த இருட்டில் பொழுது போகாமல் பாட ஆரம்பித்தார். மேசையில் விளக்கு, பக்கத்தில் டெப். மன்மதன் வருகை, தூதன் சண்டை, ரதி புலம்பல் என்று 22 பதிவுகள் சேர்ந்தன. தப்பு மேளம் இல்லாததால் மேசையிலேயே தட்டுவார். அடுத்த வருடம் அவர் போய்விட்டார்.

இதையெல்லாம் ஏன் வேறொரு இடத்திலும் போட்டு வைக்கவில்லை என்றால், சோம்பல்தான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

டெப்பில் 32 ஜீபிதான் இடம். அது நிரம்பிவிட்டது. ஒரு படத்தைத் திறக்கத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். டவுனுக்குப் போனபோது கடையில் காட்டினேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுத் தம்பி, நல்ல மரியாதையாகப் பேசினார். "பெக்கப் எடுத்துட்டு ரீசெட் அடிச்சா புதுசு மாதிரி ஓடும் சேர். 2,500தான். பென் ட்ரைவ் நம்மகிட்டயே இருக்கு, 64 ஜீபி, 2,800க்குப் போட்டுத் தாறேன்." எங்கள் கொம்பியூட்டரிலும் ஒரு கொப்பி ஒரு மாதம் வரைக்கும் வைத்திருப்போம், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். அந்த ஒரு மாதம் என்ற பேச்சில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பின்னேரம் போனபோது பென் ட்ரைவைக் கொம்பியூட்டரில் குத்தித் திறந்து காட்டினார். ஃபோல்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஃபைல் பெயர்கள் வரிசையாக நின்றன, பக்கத்தில் அளவும் சரியாக இருந்தது. முதல் படத்தைத் திறந்தார், மகள் சிரித்தாள். அப்பாவின் பதிவுகள் இருந்த ஃபோல்டரையும் நான் கேட்டுத் திறக்க வைத்தேன். 22 பெயர்களும் இருந்தன. ஒன்றைப் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். கடையில் கூட்டம், வெளியே மழை, கடைசி பஸ் போய்விடும் என்ற பதற்றம். "சரி தம்பி" என்றேன். என் கண் முன்னாலேயே ரீசெட்டை அழுத்தினார்.

அன்றிரவு வீட்டில் திறந்தால், படங்களில் முதல் மூன்றில் ஒரு பங்கு நன்றாக வந்தது. பிறகு ஒரு படம் பாதி வரைக்கும் வந்து, கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் திறக்கவில்லை. பதிவுகளைத் தொட்டேன். பதினொரு எம்பி என்று அளவு காட்டுகிறது, அழுத்தினால் 0:00. இருபத்திரண்டும் அப்படித்தான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே போனேன். "உங்க வீட்டுக் கொம்பியூட்டர்ல வைரஸ் சேர்" என்றார்கள். கடைக் கொம்பியூட்டரில் உள்ள கொப்பியைத் தாருங்கள் என்றால், இடம் போதவில்லை, நேற்றிரவே அழித்துவிட்டோம் என்று பதில். ஒரு மாதம் என்று சொன்ன கொப்பிக்கு ஒரே இரவுதான் ஆயுள். வைத்திருந்தார்களா என்பதே எனக்கு இப்போது சந்தேகம்.

இதுவரைக்கும் நடந்ததைக் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். அடுத்து நடந்ததுதான் ஏமாற்று. முதலாளி வந்தார். "ரிகவரி சொஃப்ட்வெயார் இருக்கு, ரீசெட் அடிச்ச டெப்ல இருந்தே எடுத்துடலாம். ஆறாயிரம் ஆகும், உங்களுக்காக" என்றார். அப்பாவின் குரலுக்கு ஆறாயிரம் பெரிதா? கொடுத்தேன். மூன்று நாள் கழித்து வேறொரு பென் ட்ரைவில் ஒரு தொகைப் படம் வந்தது. பதிவு ஒன்றும் இல்லை, "ஓடியோ மீளாது சேர்" என்றார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தேன். மீட்டுக் கொடுத்ததாகச் சொன்ன படங்கள் எல்லாமே முதல் பென் ட்ரைவில் நன்றாகத் திறந்த அதே படங்கள். அந்தப் பாதி சாம்பல் படமும் கூடவே வந்திருந்தது. அதை மட்டும் எடுத்துப்போட மறந்துவிட்டார்கள் போல.

விஷயத்தை விளக்கியது பேராதனையில் படிக்கிற என் அக்கா மகன். லீவில் வந்தவன், பென் ட்ரைவைக் கையில் வாங்கியதும், "மாமா, இது 64ஆ? பாப்போம்" என்றான். நல்ல படங்களை முதலில் பத்திரமாக வேறிடத்தில் போட்டுவிட்டு, எச்டூடெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டான். பென் ட்ரைவ் நிறைய எதையாவது எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துச் சரிபார்க்கிற வேலை அதற்கு. இரவு முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் உண்மையான இடம் எட்டு ஜீபிக்கும் குறைவு.

இப்படிப் போலிகள் இருக்கின்றனவாம். உள்ளே சின்ன நினைவகச் சிப்பைப் போட்டு, கொம்பியூட்டர் கேட்டால் "நான் 64" என்று பொய் சொல்லும்படி செய்துவிடுகிறார்கள். எழுதும்போது பிழை காட்டாது. இடம் முடிந்த பிறகு வருவதெல்லாம் காற்றில் போகும், இல்லாவிட்டால் பழையதன் மேலேயே விழும். ஃபைல்களின் பெயரும் அளவும் மட்டும் பெரும்பாலும் பென் ட்ரைவின் தொடக்கப் பகுதியில் தனிப் பட்டியலாக எழுதப்படுவதால் அவை தப்பிவிடலாம். கல்யாண வீட்டு மொய்க் கொப்பியில் பெயர் இருக்கிறது, உறைக்குள் காசு இல்லை என்கிற கதை. என் டெப்பில் இருந்தது சுமார் 19 ஜீபி. கமராப் படங்கள் முதலில் போயின, பதிவு ஃபோல்டர் கடைசியில். எட்டு ஜீபி தீர்ந்த பிறகுதான் அப்பாவின் முறை வந்திருக்கிறது.

பென் ட்ரைவ் போலி என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், அவரும் யாரிடமோ வாங்கி விற்பவர்தான். ரிகவரி விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. இப்போதைய அன்ட்ரொய்ட் டெப்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டி எழுதப்படுகிறது. ரீசெட் அடித்தால் அந்தப் பூட்டின் சாவி அழிந்துபோகும். சாவி போன பிறகு எந்த சொஃப்ட்வெயாரும் உள்ளே எதையும் வாசிக்க முடியாது. இதே தொழிலில் இருக்கிறவருக்கு இது தெரியாதா?

எனக்கு வயிறு எரிந்தது இதற்கெல்லாம் அல்ல. இந்த வேலையை என் வீட்டு மூலையில் துணி மூடிக் கிடந்த பழைய கொம்பியூட்டரிலேயே ஒரு சதம் செலவில்லாமல் செய்திருக்கலாம் என்று மருமகன் காட்டினானே, அப்போதுதான். அவன் காட்டியதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் கேபிள். குத்தினால் சார்ஜ் ஏறும், கொம்பியூட்டரில் ஒன்றும் தெரியாது. பலர் இங்கேயே கைவிட்டுக் கடைக்கு ஓடுகிறோம். மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் கரன்ட் போகிற கம்பிகள் மட்டும்தான் இருக்கும், தரவு போகிற கம்பிகள் இருக்காது. டெப்போடு பெட்டியில் வந்த கேபிளைத் தேடி எடுங்கள். அதுவும் சரியாக இருந்தால், டெப்பின் லொக்கைத் திறந்து வைத்துக்கொண்டு மேலிருந்து திரையை இழுங்கள். சார்ஜ் மட்டும் என்று ஒரு அறிவிப்பு நிற்கும். அதைத் தொட்டு ஃபைல் ட்ரான்ஸ்ஃபர் என்று மாற்ற வேண்டும். உடனே கொம்பியூட்டரில் டெப்பின் பெயர் வரும்.

உள்ளே டீசிஐஎம் (DCIM) என்ற ஃபோல்டர் கமராப் படங்களுக்கு. அதை எடுத்ததும் எல்லாம் எடுத்தாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கிரீன் ஷொட், டவுன்லோட், டொகியுமன்ட்ஸ், குரல் பதிவு என்று ஒவ்வொன்றும் தனித்தனி ஃபோல்டரில் கிடக்கும். வட்ஸ்அப் படங்கள் புதிய டெப்களில் இன்னும் ஆழத்தில், அன்ட்ரொய்ட் என்ற ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் வட்ஸ்அப் என்று இறங்கிப் போனால்தான் அகப்படும். தொலைபேசி இலக்கங்கள் இந்த ஃபோல்டர்கள் எதிலும் வராது. கொன்டெக்ட்ஸ் எப்பிலேயே எக்ஸ்போர்ட் என்று அழுத்தி ஒரு ஃபைலாக ஆக்கி எடுக்க வேண்டும்.

மொத்தமாக அள்ளிப் போட்டால் நடுவில் இறுகி நின்றுவிடும், எனக்கு இரண்டு தடவை நின்றது. ஃபோல்டர் ஃபோல்டராகப் போடுங்கள். கட் வேண்டாம், கொப்பிதான். நம் பக்கம் மழை நேரத்தில் கரன்ட் எப்போது போகும் என்று தெரியாது, வெட்டி நகர்த்துகிற நேரத்தில் போனால் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் ஆகலாம்.

ஐபேட் என்றால் வேறு வழி. விண்டோஸ் கொம்பியூட்டரில் ஐட்யூன்ஸ் போட்டு முழு பெக்கப் எடுக்கலாம், மெக்கில் ஃபைண்டரிலேயே இருக்கிறது. பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டுகிற வசதியும் உண்டு. ஆனால் அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் அந்த பெக்கப்பைத் திறக்க வழியே இல்லை, ஆகவே எழுதி வையுங்கள். மேற்கொண்டு எனக்கு அனுபவமில்லை.

கொப்பி முடிந்ததும் பார்க்க வேண்டியது முதல் படத்தை அல்ல. கடைசி ஃபைலைத் திறக்க வேண்டும், நடுவிலும் நாலைந்தைத் திறக்க வேண்டும். பென் ட்ரைவ் என்றால் கழற்றி மறுபடி குத்திவிட்டுத் திறக்க வேண்டும், ஏனென்றால் இப்போதுதான் போட்ட ஃபைலைக் கொம்பியூட்டர் தன் ஞாபகத்திலிருந்தே காட்டிவிடலாம். டெப்பில் எத்தனை ஃபைல், இங்கே எத்தனை ஃபைல் என்று எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் ரீசெட்டுக்கு ஒரு கிழமை பொறுப்பதில் ஒன்றும் கெட்டுவிடாது.

இன்னொன்று. ரீசெட் அடித்த டெப் திரும்ப எழும்பும்போது பழைய கூகுள் கணக்கைக் கேட்கலாம், திருட்டுக்கு எதிரான ஏற்பாடு அது. அதற்காகக் கடையில் என் பாஸ்வேர்டைக் கேட்டு ஒரு நோட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு மேலே பத்துப் பேருடையது அந்தப் பக்கத்தில் வரிசையாக இருந்தது! பக்கத்தில் நின்று நாமே தட்டிக் கொடுக்கலாம், எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. நான் வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிட்டேன்.

முறைப்பாடு செய்யவில்லையா என்று கேட்பீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பெற்ற சேவை மோசமென்றால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். நானும் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இணைப்பதற்கு பில் இல்லை. சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து அதில் "டெப் – சேர் – 5,300" என்று எழுதிக் கொடுத்ததுதான் என்னிடம் இருந்தது. அந்த அட்டையோடு மறுபடி கடைக்குப் போய், கடிதத்தையும் காட்டினேன். ரிகவரிக்கு வாங்கிய ஆறாயிரத்தில் மூவாயிரத்தை மேசையில் வைத்தார் முதலாளி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், கடிதத்தை அனுப்பவில்லை. அது சரியா என்று இன்னும் எனக்குள் ஒரு வழக்கு நடக்கிறது.

பதிவுகளில் ஒன்று மட்டும் கிடைத்தது. கொழும்பில் இருக்கும் தங்கைக்கு அப்போதே வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், எனக்கே ஞாபகமில்லை. அவள் போனில் தேடி எடுத்து அனுப்பினாள். ரதி புலம்பல், நான்கு நிமிடம். நடுவில் ஒரு அடியை மறந்துவிட்டு, "இரு, இரு, நிப்பாட்டாதே, வருது" என்கிறார் அப்பா. மேசையில் விரல் தட்டிக்கொண்டே இருக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து அந்த அடியை எடுத்துக் கொடுக்கிறார். இப்போது அது வீட்டுக் கொம்பியூட்டரில் ஒன்று, மருமகன் வாங்கித்தந்த ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, தங்கையின் போனில் ஒன்று. மூன்றையும் கடைசி வரைக்கும் போட்டுக் கேட்டுவிட்டேன்.