கோப்பைப் பழைய நிலைக்குத் திருப்பும் கருவி: ஏஐ ஏஜென்ட்டுக்கு எப்படி எழுதிக்கொடுப்பது?

கோடிங் ஏஜென்ட்டுக்கு (தானாக நிரல் எழுதித் திருத்தும் ஏஐக்கு) அது அழைத்து ஓட்டக்கூடிய ஒரு கருவியைக் கொடுக்கும்போது அதன் விளக்கக் குறிப்பைக் கடைசியில், போகிறபோக்கில் எழுதுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆனால் பெரும்பாலும் அந்தக் குறிப்பை மட்டும் நம்பித்தான் ஏஜென்ட் முடிவெடுக்கிறது. கோப்பை அழிக்கக்கூடிய கருவி என்றால் இதில் அலட்சியம் கூடவே கூடாது.

ஆபத்து இப்படி வருகிறது. பயனர் ஒரு கோப்பில் நிறையத் திருத்தியிருக்கிறார், இன்னும் கமிட் செய்யவில்லை, அதாவது கோப்பின் பதிப்புகளைச் சேமித்துவைக்கும் கிட் மென்பொருளில் பதியவில்லை. ஏஜென்ட் அதே கோப்பில் பத்து வரி மாற்றுகிறது. டெஸ்ட் ஃபெயில் ஆகிறது. தன் பத்து வரியை மட்டும் விலக்க நினைத்து மீட்புக் கருவியை அழைக்கிறது. பின்னால் ஓடுவது 2019-இல் கிட் 2.23-உடன் வந்த ‘கிட் ரெஸ்டோர்’. எந்த வரியை யார் எழுதினார்கள் என்று அது பார்க்காது. இண்டெக்ஸில் (அடுத்த கமிட்டுக்காக மாற்றங்களை ‘ஸ்டேஜ்’ செய்து எடுத்துவைக்கும் இடத்தில்) இருக்கும் பதிப்பை எடுத்துக் கோப்பின்மேல் எழுதிவிடும். ஸ்டேஜ் செய்யாத திருத்தங்கள் கிட்டுக்குள் பதிவானதே இல்லை என்பதால் கிட்டின் பழைய பதிவுகளைக் காட்டும் ரிஃப்லாக்கில் தேடியும் பயனில்லை.

இந்தக் கருவிக்குக் குறிப்பு எழுதுகிறவர்கள் பொதுவாக மூன்று வழிகளில் போகிறார்கள்.

‘கோப்பை முந்தைய நிலைக்கு மீட்கும்’ என்ற ஒற்றை வரி முதல் வழி. இதை நான் ஏற்கவே மாட்டேன். ‘முந்தைய நிலை’ என்றால் தான் தொடுவதற்கு முந்தைய நிலை என்றுதான் ஏஜென்ட் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, கொட்டை எழுத்தில் ‘எச்சரிக்கை! ஆபத்து! பயன்படுத்தாதே!’ என்று எழுதுவது. பார்க்கப் பாதுகாப்பாகத் தெரிந்தாலும் எதை இழப்போம், எப்போது இழப்போம் என்ற தகவலே இதில் இல்லை. பயந்துபோன ஏஜென்ட் கருவியை விட்டுவிட்டு ஷெல்லில் (கட்டளைத் திரையில்) நேராக ‘கிட் செக்அவுட்’ ஓட்டிவிடலாம். அழிவு அதேதான், கண்காணிப்பும் போய்விடும். ‘உறுதியா’ என்று ஒரு பாராமீட்டர் வைப்பதும் உதவாது. அதையும் ஏஜென்ட்டேதான் ‘ஆம்’ என்று நிரப்பும்.

மூன்றாவது, விளைவை அப்படியே சொல்வது: ‘இந்தக் கோப்பில் ஸ்டேஜ் செய்யாத எல்லா மாற்றங்களையும் அழிக்கும், பயனர் செய்தவை உட்பட. திரும்பப் பெற முடியாது. உன் மாற்றத்தை மட்டும் நீக்க வேண்டுமானால் எடிட் கருவியால் அந்த வரிகளை மாற்று. அழைக்கும் முன் கிட் டிஃப் பார். நீ செய்யாத மாற்றம் இருந்தால் பயனரிடம் கேள்.’ ஐந்தே வாக்கியம் (‘கிட் டிஃப்’ என்பது கோப்பில் நடந்த மாற்றங்களைக் காட்டும் கட்டளை). தடுப்பதோடு நிற்காமல் போக வேண்டிய வழியையும் காட்டுகிறது. குறிப்பு என்ற அளவில் என் ஓட்டு இதற்குத்தான்.

ஏஜென்ட்டைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையில், கருவி எதையாவது அழிக்கக்கூடும் என்று காட்ட ‘டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட்’ என்றொரு குறியீடு இருக்கிறதே என்று கேட்கலாம். வையுங்கள், கிளையன்ட் (ஏஜென்ட்டை ஓட்டும் செயலி) அதைப் பார்த்துப் பயனரிடம் அனுமதி கேட்க வாய்ப்புண்டு. ஆனால் அது வெறும் ஹின்ட். கருவியைத் தரும் சர்வர் நம்பகமானதாக இல்லாவிட்டால் நம்பக் கூடாது என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. எது அழியும் என்பதையும் அது சொல்வதில்லை.

குறிப்பை எவ்வளவு நன்றாக எழுதினாலும் நீண்ட உரையாடலின் நடுவில் ஏஜென்ட் அதைக் கவனிக்காமல் போகலாம். அதனால் கருவியையே மாற்றுவதை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கிட் கண்காணிக்காத கோப்புகளை நீக்கும் ‘கிட் க்ளீன்’ கட்டளை இயல்பாகவே ‘-எஃப்’ இல்லாமல் எதையும் அழிக்காது. ‘-என்’ கொடுத்தால் எவை அழியும் என்று முன்கூட்டியே பட்டியலிடும். ‘கிட் ரெஸ்டோர்’ கேள்வியே கேட்பதில்லை. அதற்குப் பதிலாக, கோப்பின் பாதையைக் கொடுத்து ‘கிட் ஸ்டாஷ் புஷ்’ ஓட்டினால் கோப்பு கடைசி கமிட்டின் நிலைக்குத் திரும்பும், விலக்கிய மாற்றங்களும் ஸ்டாஷில் (கிட் அவற்றைத் தனியே எடுத்துவைக்கும் இடத்தில்) பத்திரமாக இருக்கும். கிட் இன்னும் கண்காணிக்காத புதுக் கோப்புகள் மட்டும் ‘-யூ’ கொடுக்காமல் ஸ்டாஷில் சேராது. அதைக் குறிப்பில் தனி வரியாக எழுதியே ஆக வேண்டும்.

கருவி திருப்பி அனுப்பும் பதிலையும் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘வெற்றி’ என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் அடுத்த வேலைக்குப் போய்விடும். எத்தனை வரிகள் விலக்கப்பட்டன, எந்த ஸ்டாஷில் இருக்கின்றன, திரும்ப எடுக்க எந்தக் கட்டளை என்று பதிலிலேயே வந்தால், அதை ஏஜென்ட் பயனருக்கு உடனே சொல்ல முடியும்.